தண்டவாளத்தை ஒட்டி வீடு, நடு இரவில் பராமரிப்பு வேலை: கேள்வி பதில்

ரயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது மதுரையில் பசுமலைப் பக்கம், பாதைக்கு அருகிலேயே குடியிருக்கிறேன். இரவில் ஓசை எழுப்பும் தரப்பிலும் இருந்திருக்கிறேன், அதைக் கேட்டுப் புரண்டு படுக்கும் தரப்பிலும் இருக்கிறேன். கூடல்நகர் முதல் திருமங்கலம் வரை பாதையோரம் வசிப்பவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கூடல்நகரிலிருந்து ஒரு குடும்பத் தலைவி: ஐயா, பகல் முழுவதையும் விட்டுவிட்டு நடு இரவில்தான் பாதையில் வேலை பார்க்க வேண்டுமா? ஒரு மணிக்குத் தொடங்கினால் நான்கு மணிக்குத்தான் ஓய்கிறது.

அம்மா, பகலிலும் நடக்கிறது. அப்போது நாளிதழின் ஒரு மூலையில் செய்தி வரும்: குருவாயூர் விரைவு ரயில் மதுரை, திண்டுக்கல் வழியாகச் செல்லாமல் விருதுநகரிலிருந்து மானாமதுரை, காரைக்குடி வழியாகத் திருச்சிக்குத் திருப்பி விடப்படும் என்று. அன்றைக்கு மதுரையில் ஏற வேண்டிய பயணி திட்டுவார். இரவில் செய்தால் நீங்கள் திட்டுகிறீர்கள்.

பாதையில் கை வைக்க வேண்டுமானால், அந்தப் பகுதிக்குள் குறிப்பிட்ட நேரம் வரை எந்த வண்டியும் வராது என்ற உறுதி வேண்டும். அதைத்தான் பிளாக் என்போம். சில பணிகளுக்கு மேலே செல்லும் 25,000 வோல்ட் கம்பியிலும் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். தென் மாவட்டங்களிலிருந்து சென்னைக்குப் போகும் இரவு வண்டிகளில் பெரும்பாலானவை நள்ளிரவுக்குள் மதுரையைத் தாண்டிவிடும். சென்னையிலிருந்து வருபவற்றில் பல, விடியலுக்கு முன்பு ஒன்றன்பின் ஒன்றாக வரும். நடுவில் கிடைக்கும் இடைவெளியில்தான் வேலை.

இன்னொரு காரணத்தைப் பலரும் யோசிப்பதில்லை. வெயில். காற்றின் வெப்பம் 40 டிகிரியைத் தொடும் நாளில் தண்டவாளம் 60 டிகிரியை நெருங்கும். ஒரு கிலோமீட்டர் எஃகு 30 டிகிரி கூடுதலாகச் சூடேறினால், தடுப்பு ஏதும் இல்லாவிட்டால் ஒரு அடிக்கு மேல் நீளும். இன்றைய பாதைகள் நெடுந்தூரம் ஒரே தண்டவாளமாகப் பற்றவைக்கப்பட்டவை; நீள இடமில்லை. அந்த விசையை அடக்கி வைத்திருப்பது தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் கட்டையான சிலிப்பரும் அதைச் சுற்றியுள்ள ஜல்லியும்தான். சித்திரை மாதத்து நண்பகலில் போய் ஜல்லியைக் கிளறினால் பிடி தளர்ந்து பாதை பாம்பாக வளைந்துவிடும். அதனால், பொருத்தியபோது குறித்து வைத்த வெப்பநிலையைவிடத் தண்டவாளம் 10 டிகிரிக்கு மேல் சூடாகியிருந்தால் ஜல்லியைத் தொடும் பணி கூடாது என்பது விதி. மதுரைக் கோடையில் அந்த விதியைக் காப்பாற்றும் நேரம் இரவும் அதிகாலையும்தான்.

ஒரு பயனுள்ள வழி உண்டு. நாளிதழில் வரும் 'ரயில் சேவையில் மாற்றம்' செய்தியைக் கத்தரித்து வையுங்கள். எந்த நிலையங்களுக்கு இடையே, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று அதில் இருக்கும். இரவில் ஓடும் வண்டி தாமதமாகும் என்று போட்டிருந்தால் இரவுப் பணி என்று பொருள். உறவினர் வருகையையும் பிள்ளைகளின் தேர்வையும் அதற்கேற்ப ஒதுக்கிக்கொள்ளலாம்.

சமயநல்லூரிலிருந்து ஓர் இளைஞர்: மஞ்சள் நிறத்தில் நீளமான ஓர் இயந்திரம் வந்து தரையையே நடுங்க வைக்கிறது. போய்விட்டது என்று நிம்மதியடைந்தால் சில நாட்களில் மறுபடியும் அதே இடத்துக்கு வருகிறது. வேலையை ஒழுங்காகச் செய்யவில்லையா?

தம்பி, அது டேம்பிங் இயந்திரம். தண்டவாளத்தைச் சற்றே தூக்கிப் பிடித்து, சிலிப்பரின் இரு பக்கமும் இரும்பு விரல்களை ஜல்லிக்குள் இறக்கி, நொடிக்கு 35 முறை அதிரச் செய்து கற்களை அடியில் நெருக்கும். படியைத் தட்டித் தட்டி அரிசியை இறுக்கி அளப்பார்களே, அந்த வித்தைதான். ஒரு கிலோமீட்டரில் ஏறக்குறைய 1,660 சிலிப்பர்கள். எனவே காதில் விழுவதைவிடக் கட்டிலில் உணரும் அதிர்வுதான் அதிகம். காதை அடைத்தாலும் இது நிற்காது; தரை வழியாக வருவது.

மறுபடி வருவது சோம்பலால் அல்ல. ஜல்லியைத் தோண்டி எடுத்துச் சலித்து மண்ணை நீக்கும் பெரிய வேலை நடந்திருந்தால், புதிதாகப் பரப்பிய கல் ஒரே நாளில் அடங்காது. முதலில் வண்டிகளை மெதுவாக ஓட்டுவார்கள். ஒவ்வொரு சுற்று டேம்பிங்குக்குப் பிறகும் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டுவார்கள். ஆகவே ஜல்லி சலிக்கும் இயந்திரத்தைப் பார்த்தீர்களானால் டேம்பிங் பலமுறை வரும் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் கொடியது சலிக்கும் இயந்திரம்தான். டேம்பிங் உங்கள் வாசலை விரைவில் கடந்துவிடும். சலிப்பது ஆமை வேகத்தில் நகரும், புழுதியையும் கொண்டுவரும்.

திருமங்கலத்திலிருந்து ஒரு வீட்டுக்காரர்: ரயில் அதிர்வால் என் வீட்டுச் சுவரில் விரிசல் விழுந்துவிட்டது. இரட்டைப் பாதை வந்த பிறகு இன்னும் மோசம். இழப்பீடு கேட்கலாமா?

முதலில் காரணம் ரயில்தானா என்று பாருங்கள். திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் பூமி. கரிசல் கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும், ஐப்பசி மழையில் உப்பும். அதன் மேல் ஆழமில்லாத அடித்தளம் போட்டால், பாதையிலிருந்து வெகுதூரம் தள்ளி இருக்கும் வீட்டிலும் விரிசல் விழும். ரயில் கண்ணுக்குத் தெரிகிறது, மண் தெரிவதில்லை. பழி ரயிலுக்குப் போகிறது.

சோதித்துப் பார்ப்பது எளிது. விரிசலின் இரு நுனிகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து இரு பக்கமும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் ஒட்டுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் பாருங்கள். பங்குனி, சித்திரையில் விரிந்து கார்த்திகையில் மூடிக்கொண்டால் அது மண்ணின் வேலை. சுவரோரம் வேப்பமரம் இருக்கிறதா, குளியலறைக் குழாய் கசிகிறதா என்றும் பாருங்கள். இரண்டும் அடிமண்ணின் ஈரத்தை ஏற்றி இறக்கும். வீட்டைச் சுற்றி மழைநீர் உள்ளே இறங்காதபடி சிமென்ட் தளம் போட்டாலே பாதித் தொல்லை குறையும். புதிதாகக் கட்டுபவர்கள் கரிசலில் அடிப்பகுதி அகன்ற பைல் அடித்தளம் போடுவதே நல்லது.

பருவத்தோடு சம்பந்தமில்லாமல், கனரக இயந்திரம் வேலை செய்த இரவை ஒட்டிக் கண்ணாடி உடைந்தால், அந்தத் தேதி, புகைப்படம், கட்டடப் பொறியாளரின் அறிக்கை மூன்றையும் சேர்த்து எழுத்தில் கொடுங்கள். வெறும் வாய்மொழிப் புகாருக்கு எந்த அலுவலகத்திலும் மதிப்பில்லை.

பசுமலையிலிருந்து ஒருவர்: ஜன்னலுக்குக் கனத்த திரைச்சீலை போட்டேன், சுவரில் ஸ்பாஞ்ச் அட்டை ஒட்டினேன். பணம் போனதுதான் மிச்சம்.

திரையும் ஸ்பாஞ்சும் அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைக்கும். வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. ஓசையைத் தடுப்பவை இரண்டு: எடை, இடுக்கில்லாமை. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் எடைக்குப் போதும். கோட்டை விடுவது ஜன்னலில். காற்று நுழையும் இடத்தில் ஓசையும் நுழையும்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் ஜன்னலுக்கு மேலே மூடவே முடியாத வெண்டிலேட்டர் ஒன்று இருக்கும். அதைத் திறந்து வைத்துவிட்டுக் கீழே இரட்டைக் கண்ணாடி போட்டுப் பயனில்லை. முதலில் பாதைப் பக்கத்து வெண்டிலேட்டரைக் கண்ணாடியோ பலகையோ வைத்து அடையுங்கள். பிறகு ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையிலான வெடிப்பைப் பூசுங்கள். கதவுகளின் விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். இவற்றை முடித்த பின்பும் போதவில்லை என்றால் மட்டும் கண்ணாடிக்குச் செலவு செய்யுங்கள். நகர்த்தும் ஜன்னலைவிடக் கீல் வைத்து இறுக மூடும் ஜன்னல் மேல். இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே இடைவெளி அகலமாக இருக்க வேண்டும். ஒட்டி ஒட்டி வைத்தால் பெரிய பயன் இல்லை.

மதுரையில் இதற்கு ஒரு விலை உண்டு: புழுக்கம். ஏர் கூலர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். கூலர் வேலை செய்ய ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அந்த ஜன்னல் பாதைக்கு எதிர்ப்புறம் இருக்கட்டும். ஏசி இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. எல்லாவற்றிலும் செலவில்லாதது, படுக்கையைப் பாதைக்கு மறுபுறத்து அறைக்கு மாற்றுவது. அந்த ஒரு மாற்றத்திலேயே ஓசை பாதியாகக் குறைந்தாற்போல் தோன்றும்.

வரிசையாக மரம் நடலாமா என்று இன்னும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். நிழலுக்கும் புழுதிக்கும் நடுங்கள், ஓசைக்கு நடாதீர்கள். சுற்றுச்சுவர் உதவும், ஆனால் அது பாதையைக் கண்ணிலிருந்து மறைக்க வேண்டும். மாடியில் படுப்பவருக்கு அதனால் லாபமில்லை.

ஒரு தாய்: மூன்று மாதக் குழந்தை அலறி எழுகிறது. காதில் பஞ்சு வைக்கலாமா?

வேண்டாம் அம்மா. பச்சிளம் குழந்தையின் காதில் பஞ்சோ அடைப்பானோ எதையும் வைக்கக் கூடாது. தொட்டிலை உள்ளறைக்கு மாற்றுங்கள், மின்விசிறி ஓடட்டும். ஒரே சீரான விசிறி ஓசை திடீர்ச் சத்தங்களின் கூர்மையை மழுக்கும். வேலை நடக்கும் சில இரவுகளுக்கு அம்மா வீடு போய் வர வழியிருந்தால் போய் வாருங்கள்.

இரவுப் பணி முடிந்து பகலில் உறங்கும் ஒரு செவிலியர்: காது அடைப்பான் வாங்கினேன், பாதியில் விழுந்துவிடுகிறது.

விரலால் அப்படியே அழுத்தியிருப்பீர்கள். ஸ்பாஞ்ச் அடைப்பானை விரல்களுக்கு இடையே உருட்டி மெல்லியதாக்குங்கள். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து அடைப்பானை உள்ளே நுழைத்துவிடுங்கள். அது விரிந்து நிரம்பும் வரை, அரை நிமிடம், விரலை எடுக்காதீர்கள். அழுக்கானதைத் தூக்கிப் போடுங்கள்.

ஒரு வழக்கறிஞர்: குடியிருப்புப் பகுதியில் இரவு 45 டெசிபல்தான் வரம்பு. ரயில்வேக்கு மட்டும் தனிச் சட்டமா?

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல் என்றுதான் இருக்கிறது. குடியிருப்புப் பகுதியில் ஓசை எழுப்பும் கட்டுமான இயந்திரத்தை இரவில் இயக்கக் கூடாது என்றும் பின்னர் சேர்த்தார்கள். மறுபக்கம், 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 11ஆம் பிரிவு, வேறு எந்தச் சட்டத்தில் என்ன சொல்லியிருந்தாலும் பாதையை அமைக்கவும் பராமரிக்கவும் வேண்டிய பணிகளைச் செய்ய ரயில்வேக்கு அதிகாரம் தருகிறது. இரண்டையும் எடை போடுவது உங்கள் துறை. என் கருத்து இதுதான்: பராமரிப்பையே நிறுத்தச் சொல்லும் மனு நிற்காது, நிற்கவும் கூடாது. பழுதான பற்றவைப்பு ஒன்றை ஓர் இரவு தள்ளிப்போட்டால் அதன் மேல் மறுநாள் ஆயிரக்கணக்கானோர் பயணம் செய்வார்கள்.

ஆனால் எல்லா ஓசையும் பராமரிப்பு அல்ல. வேலை முடிந்தும் நிலையப் பக்கவழியில் நிறுத்திய இயந்திரத்தின் எஞ்சினை மணிக்கணக்கில் ஓட விடுவது, ஜெனரேட்டரை வீட்டுச் சுவரை ஒட்டி வைப்பது, வெள்ளொளி விளக்கை ஜன்னலுக்கு நேராகத் திருப்புவது, தண்டவாளத் துண்டுகளை லாரியிலிருந்து உருட்டித் தள்ளுவது ஆகிய எல்லாவற்றையும் மாற்ற முடியும். இவற்றுக்குப் புகார் கொடுங்கள். ரயில்வே உதவி எண் 139 இருக்கிறது, மதுரைக் கோட்ட மேலாளர் அலுவலகம் இருக்கிறது. 'எங்கள் வீட்டுப் பின்னால்' என்று எழுதாதீர்கள். வீட்டுக்கு எதிரே உள்ள மின்கம்பத்தில் கிலோமீட்டர் எண்ணும் அதன் கீழே கம்பத்தின் வரிசை எண்ணும் இருக்கும். அந்த எண்ணையும் நேரத்தையும் எழுதினால் எந்தப் பிரிவின் எந்தக் குழு என்று உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்: நீங்கள் ரயில்வேக்காரர். அதனால்தான் பூசி மெழுகுகிறீர்கள். வேலையாட்கள் நடு இரவில் ஹாரனை அலற விடுவதும் அவசியமா?

அவசியம். இரட்டைப் பாதையில் ஒன்றில் வேலை நடக்கும்போது மற்றதில் வண்டி ஓடுகிறது. இயந்திர இரைச்சலில் குனிந்து வேலை செய்பவனுக்கு வருகிற வண்டி கேட்காது. அந்த ஹாரன் அவன் உயிர். மற்ற எதை வேண்டுமானாலும் குறைக்கச் சொல்லுங்கள், இதைச் சொல்லாதீர்கள்.

திருப்பரங்குன்றத்திலிருந்து ஒரு மூதாட்டி: முன்பு 'தடக் தடக்' என்று தாலாட்டுப் போல் வரும். இப்போது வெறும் சீறல்தான். ஏன் ஐயா?

அம்மா, அந்தத் தாளம் தண்டவாள இணைப்புகளில் சக்கரம் தட்டியதால் வந்தது. இணைப்புகளைப் பற்றவைத்துவிட்டார்கள், தாளம் போய்விட்டது. பாதை பிரியும் பாய்ண்ட் இருக்கும் இடங்களில் இன்னும் கேட்கலாம். எனக்கும் அது இல்லாதது குறைதான்.

வீடு வாங்க நினைப்பவர்: பாதையோரம் மனை மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

தூரத்தை மட்டும் அளக்காதீர்கள். நேரான வெறும் பாதைக்கு அருகில் இருப்பது வேறு, பாய்ண்ட், லெவல் கிராசிங், சரக்குக் கொட்டகை, சிக்னல் ஆகியவற்றுக்கு அருகில் இருப்பது வேறு. பாய்ண்ட் இருக்கும் இடத்துக்குப் பராமரிப்புக் குழு அடிக்கடி வரும். கேட் இருந்தால் ஒவ்வொரு வண்டியும் ஊதிக்கொண்டே வரும். சுரங்கப்பாதை கட்டி கேட்டை மூடிவிட்டால் அது நிற்கும். சிக்னலுக்கு முன் நின்று கிளம்பும் சரக்கு வண்டியில் ஒவ்வொரு பெட்டியாக இழுபடும் 'டமடம' ஓசையைக் கேட்டவர் மறக்க மாட்டார். கூடல்நகர் போல் சரக்கு இறக்கும் இடம் என்றால் லாரிகளும் சேரும்.

தரகர் பகல் 11 மணிக்குத்தான் கூட்டிப்போவார். நீங்கள் இரவு ஒரு மணிக்குத் தனியாகப் போய் அரை மணி நேரம் நில்லுங்கள். ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் கட்டுவதானால் ரயில்வேயின் தடையின்மைச் சான்று கேட்பார்கள். அதை முன்பணம் கொடுக்கும் முன் விசாரியுங்கள். பாதைப் பக்கம் சமையலறை, குளியலறை, படிக்கட்டு, மறுபக்கம் படுக்கையறை. அப்படிக் கட்ட மனை இடம் கொடுக்குமானால் வாங்குங்கள்.

சமயநல்லூர் இளைஞர், மறுபடியும்: நேராகத் தண்டவாளத்துக்கே போய் அவர்களிடம் சொல்லிவிடலாமா?

பாதைக்குள் இறங்காதீர்கள். அனுமதியின்றி நுழைவது ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபாதையில் வண்டி வந்தால் அதைவிடப் பெரிய ஆபத்து. வேலிக்கு வெளியே நின்று, மேற்பார்வையாளர் யார் என்று கேளுங்கள். விளக்கைத் திருப்பவும் ஜெனரேட்டரைத் தள்ளி வைக்கவும் அவர் சொன்னால் போதும். நாளைக்கும் இதே இடத்தில்தான் வேலையா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.