அது வேற விஷயமாம்ல!

கேள்வி: எங்க பையன் அமெரிக்காவுலயே பொறந்தவன், 22 வயசு. மெடிக்கல் ஸ்கூல்ல சீட் கிடைச்சிருக்கு. ஃபீஸ் மட்டும் வருஷம் 70,000 டாலர். ஆர்மி ஸ்காலர்ஷிப் எடுத்தா 4 வருஷ ஃபீஸையும் அவங்களே கட்டி மாசாமாசம் கைச்செலவுக்கும் தர்றாங்க, பதிலுக்கு 4 வருஷம் ஆர்மி டாக்டரா இருந்தா போதும்னு ஆர்மிக்கு ஆள் எடுக்கற ரெக்ரூட்டர் சொல்றார். 26ல படிப்பு முடிஞ்சு 30ல வெளிய வந்துடுவான். அவன் படிப்புக்குன்னு சேர்த்த பணத்தை ரெண்டு வருஷம் முன்னாடி வாடகைக்கு விடறதுக்கு இன்னொரு வீடு வாங்கி அதுல போட்டுட்டோம், அது வேற விஷயம். பையனும் சரின்னுட்டான். ஆனா எனக்குத்தான் தூக்கம் வரல. டாக்டர்களையெல்லாம் சண்டை நடக்கற இடத்துக்கு அனுப்ப மாட்டாங்கதானே?

பதில்: அனுப்புவாங்கம்மா. அடிபடறவன் இருக்கற இடத்துலதானே டாக்டருக்கு வேலை. அமெரிக்காவுல கட்டாய ஆள்சேர்ப்பு 1973ல முடிஞ்சுது, அதுக்கு முந்தின வருஷமே சட்டம் போட்டு இந்த ஸ்காலர்ஷிப்பைக் கொண்டுவந்தாங்க, ஏன்னா புடிச்சு இழுத்துட்டு வர முடியாதுன்னா பட்டாளத்துக்கு டாக்டர் எங்கேர்ந்து வருவான்? சும்மா தூக்கிக் குடுக்கற காசு இல்ல இது.

இந்த மாதிரி கடிதம் எனக்கு நிறைய வருது, எல்லாத்துலயும் பயத்தை நாலு பாரா எழுதிட்டு விஷயத்தை ஒரு வரியில ஒளிச்சு வச்சிருப்பாங்க. உங்க கடிதத்துல அந்த வரி "அது வேற விஷயம்". எப்படிம்மா வேற விஷயம்? அவன் படிப்புக்குன்னு எடுத்து வச்ச பணம் வீடா மாறி இப்ப வாடகை குடுத்துட்டிருக்கு, அந்தப் பள்ளத்தை நிரப்ப புள்ளையோட வருஷங்களை அடமானம் வைக்கப் போறீங்க, இதுல எது வேற? வீடு வாங்கும்போது அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? கேட்டிருந்தா எழுதியிருப்பீங்க. படிப்புக்குன்னு ஒரு பணத்தை ஒதுக்கினா அன்னையிலேர்ந்து அது புள்ளையோட பணம், நாம வெறும் காவல்காரங்க, இதுல நான் பழைய காலத்து ஆளுதான், திட்டறவங்க திட்டட்டும்.

அடுத்தது அந்த 30 வயசுக் கணக்கு. அது தப்பு. படிப்பு முடிஞ்சதும் ரெசிடென்சி இருக்கே, ஒரு பிரிவுல டாக்டரா ஆஸ்பத்திரியில எடுக்கற பயிற்சி, அதை மறந்துட்டீங்களா? அந்த வருஷங்கள் ஸ்காலர்ஷிப் பாக்கியில கழியாது. ஃபேமிலி மெடிசின்னா 3 வருஷம், அப்ப 29ல ஆரம்பிச்சு 33. எலும்பு சர்ஜன் ஆகணும்னா 5 வருஷம், வெளிய வரும்போது 35. போதாததுக்கு எந்தப் பிரிவு, எந்த ஊருன்னு அவன் ஆசைப்பட்டா மட்டும் பத்தாது, யாருக்கு எந்த ரெசிடென்சின்னு ஒதுக்க ராணுவத்துக்குன்னு தனி மேட்ச் இருக்கு, டிசம்பர்லயே முடிவு வந்துடும், அவங்க தேவைதான் முன்னாடி நிக்கும், சில பேரை ஒரு வருஷ இன்டர்ன்ஷிப்போட நிறுத்தி பொது டாக்டரா யூனிட்டுக்கு அனுப்பிட்டு மிச்சப் படிப்பை அப்புறம் பாத்துக்கோம்பாங்க. மொத்த ஒப்பந்தம் 8 வருஷம், ஆக்டிவ் டியூட்டி, அதாவது முழுநேர ராணுவ வேலை, போக மிச்சத்துக்கு ரிசர்வ்ல, அதாவது தேவைப்பட்டா கூப்பிடற பட்டியல்ல, பேர் இருக்கும். நடுவுல வேண்டாம்னு வந்தா கட்டின பணத்தைத் திருப்பிக் கேப்பாங்க, இல்லன்னா வேற வேலையில போட்டு வருஷத்தை வாங்கிக்குவாங்க. இதெல்லாம் அந்தக் காகிதத்துலயே இருக்கும், உங்க வீட்ல யாராவது அதை முழுசா படிச்சீங்களா?

ராணுவத்தை நான் குறை சொல்லல. நானா கேட்டுப் போறேன்னு போற பசங்களுக்கு இது அருமையான வழி, கடன் ஒரு பைசா இல்லாம படிச்சு கேப்டனா உள்ள போறான், சின்ன வயசுலயே பெரிய பொறுப்பு, 4 வருஷம் முடிஞ்சும் வெளிய வராம அங்கயே இருந்துடறவங்களும் உண்டு. ஆனா அப்படிப் போறவன் காரணம் சொல்லுவான். உங்க புள்ள "சரி"ன்னு மட்டும் சொல்லியிருக்கான். வேற கதவெல்லாம் சாத்தியிருக்குன்னு நினைக்கறவன் சொல்ற சரி அது, பேங்க்ல பணம் இல்லன்னு அவனுக்குத் தெரியும்ல.

சாத்தியிருக்கா நிஜமா? 2026 ஜூலைலேர்ந்து புதுசா கடன் வாங்கற மெடிக்கல் ஸ்டூடன்ட்டுக்கு அரசாங்கக் கடன் வருஷம் 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் வரைக்கும்தான். உங்க ஃபீஸ் 70,000. வருஷம் 20,000மும் சாப்பாடு வாடகைச் செலவும் துண்டு விழும். அந்தத் துண்டு எங்க இருக்குன்னு நான் சொல்லணுமா? வாடகைக்கு விட்டிருக்கீங்களே, அங்கதான் இருக்கு. அரசாங்கக் கடனை, லாப நோக்கம் இல்லாத ஆஸ்பத்திரியில வேலை பாத்துக்கிட்டே 120 மாசத் தவணை ஒழுங்கா கட்டினா, மிச்சத்தைத் தள்ளுபடி பண்ற திட்டமும் இருக்கு. பட்டாளம்தான் வேணும்னாலும் இப்பவே கையெழுத்துப் போட வேண்டியதில்ல, ரெசிடென்சி பண்ணும்போது சேர்ற மாதிரி தனியா ஒரு உதவித் திட்டம் இருக்கு, அப்ப அவனுக்கு எந்த டாக்டர் ஆகப் போறோம்னு தெரிஞ்சிருக்கும், வயசும் கூடியிருக்கும்.

அதனால ரெக்ரூட்டரை ரெண்டு வாரம் காக்க வைங்க, ஓடிப் போயிட மாட்டார். முதல்ல நீங்களும் உங்க வீட்டுக்காரரும் அந்த வீட்டை வித்தா கடன் போக கையில என்ன நிக்கும்னு விசாரிங்க. அந்தத் தொகையை ஒரு பேப்பர்ல எழுதி பையன் முன்னாடி வச்சு, இது உன் பணம்டா, உன்னைக் கேக்காம எடுத்துட்டோம், தப்புதான், வேணும்னா வித்துத் தர்றோம், இப்ப சொல்லு ஆர்மிக்குப் போறியான்னு கேளுங்க. கேட்டுட்டு நீங்க பேசாதீங்க, அவன் பேசி முடிக்கட்டும். அப்பவும் போறேன்னான்னா, ஏன்னு அவன் சொன்னதை எனக்கு அப்படியே எழுதி அனுப்புங்க.