கமராவுக்காகச் சங்கிலியை அடகு வைக்க வேண்டாம், அக்கா

அக்கா, உங்கள் மகன் யூடியூப்பில் வீடியோ போட ஒரு கமரா கேட்கிறார், அதற்காகச் சங்கிலியை அடகு வைக்கலாமா என்று எழுதியிருந்தீர்கள். மற்றதெல்லாம் பிறகு, முதலில் அந்தச் சங்கிலியை அடகு வைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். தம்பி உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறார், இனிப் பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வந்து, பல்கலைக்கழகத்துக்குக் கூப்பிடுவதற்குள் எவ்வளவு காலம் இழுபடும் என்பது இந்த நாட்டில் பிள்ளை வளர்க்கும் எல்லோருக்கும் தெரியும். அந்த இடைவெளியில் ஒரு பிள்ளை "வீடியோ செய்து போடப்போகிறேன்" என்றால் அவன் கெட்டுப்போகிறான் என்று நான் நினைக்கமாட்டேன். மற்றவர்கள் செய்த வீடியோவை விடிய விடியப் பார்த்துக்கொண்டு கிடப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் அவர் கேட்கும் சோனி இசட்வி-இ10 இப்போது வேண்டாம்.

அது கூடாத கமரா என்று சொல்லவில்லை. 2021இல் இந்த வேலைக்கென்றே வந்தது, திரையைப் பக்கவாட்டில் திருப்பலாம், மைக் செருகலாம், லென்ஸ் மாற்றலாம். ஆனால் கை ஆட்டத்தை அடக்கும் வசதி கமராவின் உடலுக்குள் இல்லை. கையில் பிடித்துக்கொண்டு கொழும்புக் காலி வீதியில் நடந்தால் படம் ஆடும். ஆட்டத்தைக் குறைக்கும் தெரிவைப் போட்டால் ஓரங்களை வெட்டிவிடும், திரை முழுக்க முகம்தான் நிற்கும். அதோடு கமரா வாங்கிய செலவு கமராவோடு முடியாது, இன்னொரு பற்றரி, மெமரி கார்ட், ட்ரைபொட், ஆறு மாதத்தில் வேறு லென்ஸ் என்று நீளும். இவற்றின் விலையெல்லாம் டொலரோடு ஏறி இறங்கும், 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனபோது நாம் பட்டது மறக்கக்கூடியதா?

வீட்டில் இருக்கும் போனோடு தொடங்கட்டும். கடந்த நாலைந்து வருடங்களுக்குள் வந்த போன் என்றால் அதன் 1080பி (முழு எச்.டி) தரம் தாராளமாகப் போதும். முன் கமராவை விட்டுவிட்டுப் பின் கமராவால் எடுக்கச் சொல்லுங்கள், படம் அதில்தான் தெளிவு. லென்ஸில் விரல் எண்ணெய் படிந்திருக்கும், எடுக்க முன்னர் துடைக்கட்டும். இந்த ஒன்றிலேயே பாதிப் பேரின் படம் திருந்திவிடும்.

காசு போட வேண்டியது மைக்கில்தான், அக்கா. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் ஆட்கள் பார்ப்பார்கள், பேச்சு விளங்காவிட்டால் பத்து செக்கனில் போய்விடுவார்கள். நீங்கள் இருப்பது வெள்ளவத்தை. ஒரு பக்கம் 100ஆம் இலக்க பஸ்ஸின் ஹோர்ன், மறுபக்கம் கடற்கரை ரயில், தலைக்கு மேல் ஃபான். போனில் உள்ள மைக் எல்லாவற்றையும் ஒரே அளவில் அள்ளிக்கொள்ளும். சட்டையில் கொழுவும் சின்ன மைக் ஒன்று, வயர் உள்ளது போதும். போயா பிவை-எம்1 போன்றவற்றில் வயரின் நடுவே ஒரு சின்னப் பெட்டி இருக்கும், அதில் போனுக்கு ஒரு நிலை, கமராவுக்கு ஒரு நிலை. அந்த ஆளியை மாற்ற மறந்தால் அரை மணித்தியாலம் கதைத்ததும் வீண். அதனால் ஒவ்வொரு முறையும் முதலில் பத்து செக்கன் எடுத்து ஹெட்போனில் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இன்னொன்று, உங்கள் சேலை அலுமாரியைத் திறந்துவைத்து அதற்கு முன்னால் நின்று கதைக்கச் சொல்லுங்கள், துணி எதிரொலியைக் குடித்துவிடும். ஃபானை நிறுத்தினால் வியர்க்கும்தான், ஐந்து ஐந்து நிமிடமாக எடுக்கலாம்.

வெளிச்சத்துக்குக் காலை நேர யன்னல் போதும், முகம் யன்னலைப் பார்க்க வேண்டும், முதுகு அல்ல. இரவில் ரியூப் லைட்டின் கீழ் எடுத்தால் சில வேளை படத்தில் பட்டி பட்டியாகக் கோடுகள் ஓடும். கமரா பழுது என்று பயப்பட வேண்டாம். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதற்கேற்ப லைட் மினுங்கும், ஷட்டர் வேகத்தை (ஒரு படத்துக்குக் கமரா வெளிச்சம் வாங்கும் நேரம்) 1/50 அல்லது 1/100 செக்கன் என்று வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

இப்படிப் பன்னிரண்டு வீடியோ போடட்டும், கிழமைக்கு ஒன்று. பன்னிரண்டையும் முடித்தால் அப்போது கமராவைப் பற்றி யோசிப்போம், அதுவும் பாவித்த கமரா. கெனன் 200டி போன்ற ஒன்று தேடலாம், திரை திரும்பும், மைக் செருகலாம், முகத்தைப் பின்தொடர்ந்து தானாகக் குவியும். பார்க்கக் கிட்டத்தட்ட அதேபோல இருக்கும் 1300டியில் மைக் செருகவே இடமில்லை, மலிவு என்று அதை வாங்கிவிட வேண்டாம். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா, கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசா இரண்டிலும் விலை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கடைக்குப் போகும்போது ஒரு டோர்ச் கொண்டுபோங்கள். என் சொந்த அக்காவின் மகன் ஒரு கடையில் பாவித்த லென்ஸ் வாங்கினான், வெளியே கீறல் இல்லை, பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து ஒரு பக்கத்தால் டோர்ச் அடித்து மறுபக்கத்தால் பார்த்தால் உள்ளே சிலந்தி நூல்போல வெள்ளையாகப் பூஞ்சணம். கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை, பிள்ளை இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கொழும்பின் ஈரக் காற்றில் இது சாதாரணம், அதனால் வாங்கிய பிறகும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு வைக்க வேண்டும். மெமரி கார்ட்டையும் புறக்கோட்டை நடைபாதையில் வாங்க வேண்டாம், போலிகள் அதிகம்.

இனி உங்கள் உண்மையான பயம். "இதில் சோறு கிடைக்குமா?" என்று கேட்டீர்கள். யூடியூப் விளம்பரக் காசில் முழுப் பங்கு கிடைக்க 1,000 பேர் சந்தாதாரராகச் சேர வேண்டும், அதோடு 12 மாதத்துக்குள் 4,000 மணித்தியாலம் ஆட்கள் பார்த்திருக்க வேண்டும். 4,000 மணித்தியாலம் என்றால் 2,40,000 நிமிடம், ஒருவர் மூன்று நிமிடம் பார்த்தால் 80,000 தடவை பார்க்கப்பட வேண்டும். நடக்காத காரியமில்லை, ஆனால் அதை நம்பி வீட்டுச் செலவைத் திட்டமிட முடியாது. குறும் வீடியோக்களுக்கு வேறு கணக்கு உண்டு, அதுவும் இலேசானதல்ல.

நான் பார்ப்பது வேறு. பன்னிரண்டு வீடியோ செய்து முடித்த பிள்ளைக்கு எடிட்டிங் வரும், ஒலியைச் சுத்தமாக்க வரும், மூன்று நிமிடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்ல வரும். கொழும்பில் கலியாண வீடியோ எடுப்பவர்கள், விளம்பர நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள் எல்லோருக்கும் வேண்டிய ஆள் அவர். அதிலும் தமிழோடு சிங்களமும் ஆங்கிலமும் தெரிந்து மூன்று மொழியிலும் வசனவரி போடத் தெரிந்தால் அவருடைய மதிப்பே வேறு. தம்பிக்குச் சிங்களம் எப்படி என்று நீங்கள் எழுதவில்லை, தட்டுத்தடுமாறிக் கதைப்பவர் என்றால் கமராவுக்கு முன்னர் அதில் காசைப் போடுங்கள். பிறகு சான்றிதழ் வேண்டுமென்றால் மூன்று மொழிகளிலும் படிப்பிக்கும் இலங்கை இதழியல் கல்லூரி இருக்கிறது. தனியார் வகுப்பு எதிலும் கட்டணம் கட்ட முன்னர் அந்தப் பாடநெறிக்கு என்.வி.கியூ (தேசிய தொழில் தகைமை) தரம் உண்டா, எத்தனையாம் மட்டம் என்று கேளுங்கள். மட்டம் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா. பதிலை வாயால் வாங்காமல் எழுத்தில் வாங்குங்கள்.

இந்தக் கிழமை மைக்கை மட்டும் வாங்கிக் கொடுங்கள். முதல் வீடியோவுக்கு விஷயம் கிடைக்கவில்லை என்று தம்பி சொன்னால், வெள்ளவத்தைச் சந்தையில் நீங்கள் மீன் பார்த்து வாங்கும் விதத்தை எடுக்கச் சொல்லுங்கள். ஆறாவது வீடியோ முடிந்ததும் எனக்கு அனுப்பட்டும், பார்த்துவிட்டு அவரோடேயே கதைக்கிறேன்.