நூறு பாராமீட்டர்ல எதை ஆட்டிப் பாக்கறது?

கேள்வி: சார், நான் திருச்சில எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் படிக்கிறேன். அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவுல இருக்கற ஈரி ஏரிதான் என் ப்ராஜெக்ட். பாசி எவ்வளவு பெருகும்னு கணக்கு போடுற மாடல்ல நூறு பாராமீட்டர் (வளர்ச்சி வேகம் மாதிரி நாம குடுக்கற நம்பர்) இருக்கு. எந்த நம்பரை மாத்தினா ரிசல்ட் அதிகமா மாறுதுன்னு பாக்கற சென்சிட்டிவிட்டி அனாலிசிஸ் பண்ணச் சொல்றார் கைடு. ஒவ்வொண்ணையும் 10 சதவீதம் ஏத்தி இறக்கிப் பாத்து டேபிள் போட்டா போதாதா?

பதில்: போதாது தம்பி. 2014 ஆகஸ்ட்ல அந்த ஏரிக்கரைல டொலீடோ ஊர்ல பைப் தண்ணியைக் குடிக்காதீங்கன்னு சொல்லிட்டாங்க, நாலு லட்சம் பேருக்கு மேல, நீலப்பச்சைப் பாசியோட விஷம் கலந்துடுச்சு, காய்ச்சினாலும் போகாது. 2016ல ரெண்டு நாடும் சேந்து, பெரும்பாலும் வயல் உரத்துலேருந்து ஏரிக்குள்ள வந்து பாசிக்குத் தீனியாகற பாஸ்பரஸை 2008 அளவுலேருந்து 40 சதவீதம் குறைக்கணும்னு முடிவு பண்ணாங்க, அதுக்குப் பல மாடலை ஓட்டிப் பாத்தாங்க. அதாவது நீ ஆட்டிப் பாக்கற மாதிரி நம்பர் கடைசில போய் நிக்கறது ஒரு விவசாயியோட உர மூட்டைல.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாரு. பாசி ஒரு நாளைக்கு 1.0 வேகத்துல வளருது, செத்து, அடில படிஞ்சு, மிதவைப் பூச்சி மேஞ்சு எல்லாம் சேத்து 0.9 போயிடுது, மிச்சம் 0.1, நொடிக்கு நொடி விடாம பெருகிட்டே போனா பத்து நாள்ல சுமார் 2.7 மடங்கு ஆகும். வளர்ச்சியை மட்டும் 10 சதவீதம் ஏத்து, மிச்சம் 0.2 ஆயிடும், அதே பத்து நாள்ல 7.4 மடங்கு! இந்த ஒரு நம்பரை எங்கேருந்து எடுத்தன்னு தீசிஸ்ல தெளிவா எழுதியே ஆகணும்.

இப்போ உன் முறைல எங்க இடிக்குதுன்னு சொல்றேன். மாமீ ஆறு சேறும் சகதியுமா ஈரில வந்து கலக்கறப்போ பாசிக்கு வெளிச்சம்தான் பத்தாது, அப்போ பாஸ்பரஸ் உறிஞ்சற பாராமீட்டரை எவ்வளவு ஆட்டினாலும் ரிசல்ட் அசையாது, நீயும் டேபிள்ல சைபர்னு எழுதி "முக்கியமில்ல"னு தள்ளிடுவ. சேறு படிஞ்சு தண்ணி தெளிஞ்சதும் பாத்தா அதே பாராமீட்டர்தான் எல்லாத்தையும் ஆட்டிப் படைக்கும். இன்னொண்ணு, எல்லாத்துக்கும் ஒரே 10 சதவீதம் வைக்கறது நியாயமே இல்ல, பாசி அடில படியற வேகம் எல்லாம் ஆளுக்கு ஆள் அளந்ததுல பல மடங்கு வித்தியாசம் இருக்கும், அந்த வித்தியாசம்தான் உன் ரேஞ்ச்.

மோரிஸ் 1991ல சொன்ன முறையைப் பிடிச்சுக்கோ. அந்த ரேஞ்சுக்குள்ள பத்து வேற வேற இடத்துலேருந்து கிளம்பி, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பாராமீட்டரையும் ஒரு தடவை நகத்தணும், நூறு பாராமீட்டருக்கு 1,010 ரன், அதாவது மாடலை அத்தனை தடவை ஓட்டணும். ஒரு ரன் ஒரு நிமிஷம்னா 17 மணி நேரத்துல முடிஞ்சுடும். பத்து இடத்துலயும் விளைவு ஒரே மாதிரி இல்லாம தாறுமாறா மாறுதுன்னா அந்த பாராமீட்டர் மத்ததோட கைகோத்துக்கிட்டு வேலை செய்யுது, இல்ல நேர்கோட்டுல போகலன்னு அர்த்தம். ரிசல்ட்ல வர்ற ஏற்ற இறக்கத்துல ஒவ்வொரு பாராமீட்டரோட பங்கு எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ற சோபோல் முறைய நேரா நூறுக்கும் போட்டா லட்சம் ரன்னைத் தாண்டும், எழுபது நாள் ஆகும், அதனால மோரிஸ்ல சலிச்சு மிஞ்சற பத்துக்கு மட்டும் போடு.

கேள்வி: அப்போ சலிச்சதுல விழுந்த பாராமீட்டரை எல்லாம் மறந்துடலாமா? (அதே மாணவர்)

பதில்: நீ கேட்ட கேள்விக்கு மட்டும் மறக்கலாம். ஆகஸ்ட்ல பாசி எவ்வளவுன்னு கேட்டா ஒரு லிஸ்ட் வரும், ஏரி அடில ஆக்ஸிஜன் எவ்வளவுன்னு கேட்டா வேற லிஸ்ட் வரும்.

ஈரியை விட்டுட்டு நெதர்லாந்தோட ஃபெலுவ ஏரி மாதிரி ஆழமில்லாத ஏரிக்குப் போனா இன்னும் கவனமா இருக்கணும். அங்க 1979ல கழிவுநீர்லேருந்து பாஸ்பரஸை எடுக்க ஆரம்பிச்சாங்க, ஆனா தண்ணி தெளிய 1990கள் வரைக்கும் ஆச்சு, அடிச்சேத்தைக் கிளறற பிரீம் மீனைப் பிடிச்சு எடுத்ததும் அதுக்கு உதவிச்சு. ஒரே அளவு பாஸ்பரஸ்ல கலங்கலாவும் இருக்கும், தெளிவாவும் இருக்கும், எங்கேருந்து ஆரம்பிச்சன்னு பொறுத்தது. அந்த மாதிரி மாடல்னா கலங்கின ஏரி ஒரு தடவை, தெளிஞ்ச ஏரி ஒரு தடவைன்னு ரெண்டு செட்டா ஓட்டு, ரெண்டையும் சேத்து சராசரி மட்டும் போட்டுடாத, அப்படி அரைகுறையா கலங்கின ஏரியை நிஜத்துல நீ பாக்கறதே கஷ்டம்.