ஏழாவது படத்துக்கு முன்னால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கேள்வி: பேத்தி கோடை லீவுக்குக் கோபிச்செட்டிபாளையம் வந்திருக்கிறாள். ஹாரி பாட்டர் ஏழாவது படத்தை ஞாயிற்றுக்கிழமை “அப்புச்சியோடதான் பார்ப்பேன்” என்று ஒரே அடம். நான் முதல் படம் மட்டும் டிவியில் பார்த்தவன். வாழைக்குத் தண்ணி கட்டவே நேரம் பத்தவில்லை. ஆறையும் பார்த்தாக வேண்டுமா?

பதில்: வேண்டாங்க அய்யா. ஆறும் சேர்ந்தால் சுமார் 15 மணி நேரம் ஆகும். இரண்டு ராத்திரி ஒதுக்குங்கள்: முதல் நாள் இரண்டாவது படம், மறுநாள் ஆறாவது.

2010-இல் வந்த ஏழாவது படம் முன்கதை எதையும் சொல்லாமல் நேராகக் கதைக்குள் இறங்கிவிடும். ஹாரியும் இரண்டு நண்பர்களும் பள்ளிக்கூடத்துக்கே போவதில்லை. காடு மேடெல்லாம் அலைகிறார்கள். எதற்கு என்பது ஆறாவதில்தான் இருக்கிறது. ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிரை வைத்த மந்திரவாதி கதை உங்களுக்குத் தெரியாததா? இந்தக் கதையின் வில்லன் மந்திரவாதி வோல்டமார்ட் செய்திருப்பதும் அதேதான். ஆனால் ஒரு கிளி இல்லை. உயிரைத் துண்டு போட்டுப் பல பொருள்களில் ஒளித்திருக்கிறான். அவற்றுக்குப் பெயர் ஹார்க்ரக்ஸ். ஆறாவதின் கடைசியில் ஒரு போலி லாக்கெட் கையில் கிடைக்கும். ஏழாவதில் அசலைத் தேடுகிறார்கள்.

இரண்டாவது எதற்கு என்றால், அதில் வரும் டைரியும் ஒரு ஹார்க்ரக்ஸ்தான். பின்னால் தேவைப்படும் வாளும் அதில்தான் முதலில் வருகிறது. டாபி என்ற குட்டிப் பூதம் அதில் அறிமுகமாகி, அடுத்த நான்கு படங்களிலும் காணாமல் போய், ஏழாவதில் திரும்பி வரும். அதைத் தெரியாமல் உட்கார்ந்தால், பேத்தி ஏன் கண்ணைத் துடைக்கிறாள் என்று உங்களுக்குப் புரியாது.

இரண்டிலிருந்து ஆறுக்குத் தாவும்போது தலைமையாசிரியர் டம்பிள்டோர் முகம் மாறியிருக்கும், குழம்ப வேண்டாம். ரிச்சர்ட் ஹாரிஸ் 2002-இல் காலமானதால் மூன்றாவது படத்திலிருந்து மைக்கேல் கேம்பன் நடித்தார்.

நான்காவதில் கடைசி அரை மணி நேரம் மட்டும் பார்த்தால் போதும். வோல்டமார்ட் உடம்போடு திரும்பி வருவது அங்கேதான். மூன்றும் ஐந்தும் ஹாரியின் ஞானத்தந்தை சிரியஸைப் பற்றியவை. மூன்றில் வருகிறார், ஐந்தில் இறந்துபோகிறார். லண்டனில் இருக்கும் அவருடைய பழைய வீட்டில்தான் ஏழாவதில் மூவரும் ஒளிந்திருப்பார்கள். சினிமாவாகப் பார்த்தால் எனக்கு மூன்றாவதுதான் ஒசத்தி, ஆனால் அது வேறு பேச்சு.

ஏழாவதில் ஒரு கிழவியின் வீட்டில் பாம்புக் காட்சி வரும். சின்னக் குழந்தைகள் கூட இருந்தால் அந்த நேரம் வேறு பக்கம் கூட்டிப் போய்விடுங்கள். அப்புறம் ஒன்று, கடைசி நாவலை இரண்டாக வெட்டி எடுத்ததால் ஏழாவது பாதியில்தான் நிற்கும். எட்டாவது 130 நிமிடம், வரிசையிலேயே சின்னது. திங்கட்கிழமை சாயங்காலத் தண்ணியை வேறு யாரையாவது கட்டச் சொல்லிவிடுங்கள். பேத்தி உங்களை விடப்போவதில்லை.