துப்பாக்கி இல்லாத ஊரில் பிள்ளைகளுக்கு முழுப் பாதுகாப்பு உண்டா?

கேள்வி: சிங்கப்பூரில் துப்பாக்கி வன்முறை கிடையாது என்பதால் அங்கே குழந்தைகள் முழுப் பாதுகாப்புடன் வளர்கிறார்கள் என்று சொல்லலாமா? அமெரிக்காவில் வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு சிறு பிள்ளைகளோடு அங்கே குடிபோகத் தயக்கமாக இருக்கிறது.

பதில்:

சென்ற ஜூன் விடுமுறைக்கு என் தங்கை டெக்சஸிலிருந்து மகனோடு வந்திருந்தாள். பையனுக்கு ஆறு வயது. இங்கே சிங்கப்பூரில், தேக்காவில் ஒரு காலணிக் கடைக்குப் போனோம். நடந்தால் குதிகாலில் சிவப்பும் நீலமுமாக விளக்கு எரியும் காலணி ஒன்றை என் மகள் அவனுக்கு எடுத்துக் கொடுத்தாள். போட்டுக்கொண்டு நாலு குதி குதித்தான். முகமெல்லாம் சிரிப்பு. பிறகு தானாகவே கழற்றி அலமாரியில் வைத்துவிட்டான். ஏன் என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடத்தில் இருட்டில் ஒளிந்திருக்கும்போது இது எரியும் மாமா. கெட்டவன் பார்த்துவிடுவான்."

மழை வரும், குடை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்வதைப்போல் சொன்னான். தங்கை எங்கள் இருவரையும் பார்க்காமல் கடைக்காரரிடம் வேறு ஜோடி கேட்டாள். பள்ளிக்குள் துப்பாக்கிக்காரன் நுழைந்தால் கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, மூலையில் சத்தமில்லாமல் உட்காரும் பயிற்சியை அங்கே பாலர் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறார்கள் என்றும், அதனால் பல தாய்மார்கள் இந்தக் காலணியை வாங்குவதில்லை என்றும் அன்று இரவு சொன்னாள்.

உங்கள் கேள்விக்கு என் பதில்: துப்பாக்கியிலிருந்து பாதுகாப்பு என்றால், ஆம், இங்கே இருக்கிறது. முழுப் பாதுகாப்பு என்றால், இல்லை. இந்த இரண்டும் ஒன்றென்று நாங்களே நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அமெரிக்கா. 2020 முதல் அங்கே 1 வயதுக்கும் 19 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளின் மரணத்துக்கு முதற்காரணம் துப்பாக்கி. அதற்கு முன்பு அந்த இடத்தில் வாகன விபத்து இருந்தது. இதில் பள்ளிக்கூடத் தாக்குதல்களின் பங்கு சிறிது. பெரும்பங்கு தெருவிலும் வீட்டிலும் நடக்கும் கொலைகளும் தற்கொலைகளும். ஆனால் தாயின் வயிற்றைக் கலக்குவது பள்ளிக்கூடம்தான். 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். 2022 மே மாதம் டெக்சஸில் உவால்டியில் 19 குழந்தைகள், 2 ஆசிரியர்கள். கொலையாளி உள்ளே இருக்க, போலிசார் 77 நிமிடம் காத்திருந்தார்கள். மறு ஆண்டு மே மாதம் டாலஸ் பக்கத்தில் ஆலன் நகரின் கடைத்தொகுதியில் 8 பேர் இறந்தார்கள். அவர்களில் மூவர் குழந்தைகள். இந்தியாவிலிருந்து வந்திருந்த இளம் பொறியாளர் ஒருவரும் இறந்தார். என் தங்கை பிள்ளைக்குத் துணி எடுக்கப் போகிற இடம் அது. அன்று அவள் போகவில்லை, அவ்வளவுதான்.

சிங்கப்பூர் பிறக்கும்போதே இப்படி அமைதியாக இருந்த ஊர் என்று இங்குள்ள இளையர்கள் பலர் நினைக்கிறார்கள். என் அப்பா அப்படிச் சொல்ல மாட்டார். அவர் துறைமுகத்தில் வேலை பார்த்த நாளில் குண்டர் கும்பல், பணக்கார வணிகர்களைக் கடத்துவது, துப்பாக்கிக் கொள்ளை எல்லாம் பத்திரிகையில் அடிக்கடி வரும் செய்திகள். போலிசார் பல ஆண்டுகள் தேடிய துப்பாக்கிக் கொள்ளையன் லிம் பான் லிம் 1972 நவம்பரில் குவீன்ஸ்டவுனில் சுட்டுக் கொல்லப்பட்டதை இன்றும் நேற்று நடந்ததுபோல் சொல்வார். அதற்கு அடுத்த ஆண்டு, 1973இல், ஆயுதக் குற்றங்கள் சட்டம் வந்தது. தீங்கு செய்யும் நோக்கத்தோடு சுட்டால், குண்டு யார்மீதும் படாவிட்டாலும், மரண தண்டனை. அனுமதியில்லாமல் வைத்திருந்தாலே 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது 6 பிரம்படி. இந்தத் தண்டனைகளின் கடுமையைப் பற்றி எனக்குள் நெருடல் உண்டு. ஆனால் சாதாரண மனிதன் வீட்டு அலமாரியில் துப்பாக்கி இருக்கக் கூடாது என்ற முடிவைப் பற்றி எனக்குத் துளியும் நெருடல் இல்லை. பிரிட்டனில் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியரும் 1996 மார்ச்சில் கொல்லப்பட்டபின் அடுத்த ஆண்டே கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தார்கள். அதே 1996 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டதும் அந்த அரசு லட்சக்கணக்கான துப்பாக்கிகளை மக்களிடமிருந்து விலைக்கு வாங்கி அழித்தது. மனம் இருந்தால் செய்ய முடிகிற காரியம் இது.

துப்பாக்கி இல்லாத ஊர் என்கிறோமே, இங்குள்ள ஆண்கள் பெரும்பாலோர் பதினெட்டு, பத்தொன்பது வயதில் கையில் துப்பாக்கி பிடித்தவர்கள். கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவைக்காக 1996இல் நான் புலாவ் தெக்கோங் தீவில் எம்16 துப்பாக்கி தூக்கினேன். சுடும் பயிற்சி முடிந்ததும் ஒவ்வொருவராக அதிகாரி முன் நின்று, என்னிடம் தோட்டாவோ வெற்று உறையோ எதுவும் இல்லை என்று உரக்கச் சொல்ல வேண்டும். சுட்ட தோட்டாக்களின் வெற்று உறைகளைப் பொறுக்கி எண்ணிக் கணக்கு ஒப்படைக்க வேண்டும். ஒரு நாள் மாலை ஓர் உறை குறைந்தது. ஒரே ஓர் உறை, சுண்டு விரல் நீளம்கூட இராத பித்தளைத் துண்டு. எங்கள் அணி முழுவதும் மண்டியிட்டுப் புல்லை விரலால் கோதிக்கொண்டே வரிசையாக நகர்ந்தது. இருட்டி, கொசு மொய்த்து, சாப்பாட்டு நேரம் கடந்து, கைவிளக்கு வெளிச்சத்தில் ஒரு தமிழ்ப் பையன்தான் அதைக் கண்டெடுத்தான். அன்று எனக்கு எரிச்சலாக இருந்தது. இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தகப்பனான பிறகு அந்த மாலையை நினைத்தால் நன்றியாக இருக்கிறது. ஆயுதத்தை எண்ணுவதில் இந்த ஊர் காட்டும் கவனம் அது.

பிள்ளைகளை எண்ணுவதில் அந்தக் கவனம் இருந்ததா என்றால், 2021 ஜூலை 19 எங்களை உலுக்கிவிட்டது. ரிவர் வேலி உயர்நிலைப்பள்ளியில் 16 வயது மாணவன் ஒருவன், தனக்கு அறிமுகமே இல்லாத 13 வயது மாணவனைக் கழிவறையில் கோடரியால் வெட்டிக் கொன்றான். கோடரியை இணையத்தில் வாங்கியிருந்தான். அவனுக்குக் கடும் மனச்சோர்வு இருந்தது பிறகு நீதிமன்றத்தில் தெரியவந்தது. 2023 டிசம்பரில் 16 ஆண்டு சிறை விதித்தார்கள். அன்றைக்கு என் மூத்த மகள் உயர்நிலை ஒன்று. பள்ளி முடிந்து அவள் வீட்டுக் கதவைத் திறக்கும்வரை நானும் மனைவியும் ஒருவரோடொருவர் பேசவில்லை.

அவன் கையில் கோடரிக்குப் பதில் துப்பாக்கி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அதே ஆண்டு ஜனவரியில் வெளிவந்த இன்னொரு செய்தியும் இதற்குச் சாட்சி. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல் படுகொலையைப் பார்த்து, இங்கே இரண்டு பள்ளிவாசல்களைத் தாக்கத் திட்டமிட்ட 16 வயது இந்திய வம்சாவளிப் பையன் ஒருவன் தடுத்து வைக்கப்பட்டான். முதலில் அவன் தேடியது துப்பாக்கியைத்தான். இந்த ஊரில் கிடைப்பது கடினம் என்று தெரிந்தபின் வெட்டுக்கத்திக்கு இறங்கினான். அதையும் வாங்குவதற்கு முன்பே பிடிபட்டான். துப்பாக்கி கைக்கு எட்டாமல் இருந்தால் பெரியவர்களுக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தில் யாராவது பிள்ளையைப் பார்க்க வேண்டும், கேட்க வேண்டும், உரியவரிடம் சொல்ல வேண்டும்.

அமெரிக்கர்களின் அனுபவமும் இதையே காட்டுகிறது. 1999இல் கொலம்பைன் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு அவர்களுடைய ரகசியச் சேவைத் துறையும் கல்வித் துறையும் சேர்ந்து 37 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்தன. அவற்றில் 81 விழுக்காட்டில், தாக்கியவன் மனத்தில் என்ன இருக்கிறது என்பது குறைந்தது இன்னொருவருக்காவது முன்பே தெரிந்திருந்தது. துப்பாக்கி, மூன்றில் இரண்டு பங்கு தாக்குதல்களில், சொந்த வீட்டிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோ வந்தது. 2021 நவம்பரில் மிச்சிகனின் ஆக்ஸ்ஃபோர்டு பள்ளியில் நடந்ததும் இதுதான். 15 வயதுப் பையன். தகப்பன் நான்கு நாள் முன்பு துப்பாக்கி வாங்கியிருந்தார். அன்று காலை அவன் துப்பாக்கிப் படம் வரைந்து, எண்ணங்கள் நிற்கவில்லை, உதவுங்கள் என்று எழுதியிருந்ததை ஆசிரியர் பார்த்துவிட்டார். பெற்றோரை அழைத்தார்கள். அவர்கள் வந்தார்கள், அவனை வீட்டுக்குக் கூட்டிப்போகாமல் திரும்பினார்கள். அவனுடைய பையை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. சிறிது நேரத்தில் அவன் சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள். 2024இல் தாய்க்கும் தகப்பனுக்கும் 10 முதல் 15 ஆண்டு சிறை கிடைத்தது. அந்தப் படத்தைப் பற்றிப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிள்ளை கேட்டிருக்கிறான், எழுத்திலேயே கேட்டிருக்கிறான்.

அடுத்தவர்களை மட்டும் குறை சொல்லிப் போக எனக்கு உரிமை இல்லை. எங்கள் வீடு உட்லண்ட்ஸில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் ஒன்பதாவது மாடியில் இருக்கிறது. அதே மாடியில் ஒரு தமிழ்க் குடும்பம். அவர் நல்ல மனிதர், தீபாவளிக்கு முறுக்குத் தட்டோடு வருவார். அவர் மகனுக்கு அப்போது ஏழு வயது. இரவு ஒன்பது, ஒன்பதரைக்கு அவர்கள் வீட்டுத் தொலைக்காட்சிச் சத்தம் திடீரென்று கூடும். அதற்கு அடியில் ரொத்தான் பிரம்பு விழும் சத்தமும் பையனின் அழுகையும் கேட்கும். என் அம்மா, "அடியாத மாடு படியாது, நீ வாங்காத அடியா?" என்பார். நானும் வாங்கியவன்தான். இன்னொரு வீட்டு விவகாரம் என்று சன்னலைச் சாத்திக்கொண்டேன். நான்கு மாதம். பித்தளை உறை ஒன்றுக்காக இருட்டும்வரை மண்டியிட்ட ஆள், பத்தடி தள்ளியிருந்த கதவைத் தட்டவில்லை.

ஒரு நாள் மின்தூக்கியில் என் மனைவி பொத்தானை அழுத்தக் கையைத் தூக்கியிருக்கிறாள். பக்கத்தில் நின்ற அந்தப் பையன் தலையை இரு கைகளாலும் மூடிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டானாம். அன்று இரவே அவள் 1800 777 0000 என்ற எண்ணை அழைத்தாள். 2021இல் தொடங்கிய தேசிய வன்முறை எதிர்ப்பு உதவி எண், இரவும் பகலும் இயங்குகிறது. என்ன கேட்டது, எத்தனை முறை, எந்த நேரம், பிள்ளைக்கு என்ன வயது என்று நிதானமாகக் கேட்டுக்கொண்டார்கள். யார் அழைத்தது என்பதை அந்த வீட்டாரிடம் சொல்லவில்லை. சில வாரங்களில் பையன் பாட்டி வீட்டுக்குப் போனான். தகப்பன் ஆலோசனைக்குப் போய்வந்தார் என்று பிறகு தெரிந்தது. ஏறத்தாழ ஓராண்டு கழித்துப் பையன் திரும்பி வந்தான். இப்போது வராந்தாவில் பந்து உதைத்து என் பூச்சட்டிகளை உடைக்கிறான். உடைக்கட்டும்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி அமையவில்லை. 2020இல் இங்கே நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று தாயும் தாயின் காதலனும் செய்த கொடுமையில் இறந்தது. அதற்கு முந்தைய ஆண்டே பாலர் பள்ளி ஆசிரியர்கள் காயங்களைப் பார்த்துக் கேள்வி எழுப்பியிருந்தார்கள். அந்த எச்சரிக்கை கைமாறிக் கைமாறி எங்கெங்கே தவறியது என்பதை 2025 அக்டோபரில் வெளிவந்த மறுஆய்வு அறிக்கை விவரித்தது. அந்தக் குழந்தையின் சாவில் துப்பாக்கி இல்லை, அந்நியன் இல்லை.

இனி உங்கள் பயணம். போக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். என் தங்கை அங்கே ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறாள், நல்ல அக்கம்பக்கம் அமைந்திருக்கிறது. ஆனால் ஒரு பழக்கத்தை அவளிடமிருந்து கற்றுக்கொண்டு போங்கள். மகன் புதிதாக ஒரு வீட்டுக்கு விளையாடப் போகுமுன் அந்த வீட்டுப் பெற்றோரிடம், "உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? பூட்டி வைத்திருக்கிறீர்களா? தோட்டாக்கள் தனியாக இருக்கின்றனவா?" என்று நேராகக் கேட்டுவிடுவாள். நாய் இருக்கிறதா, கடலை ஒத்துக்கொள்ளுமா என்று கேட்பதோடு சேர்த்துக் கேட்பாளாம். முதல் முறை குரல் நடுங்கியது என்றாள். இதுவரை எவரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு வீட்டார் மட்டும் படுக்கையறை மேசை இழுப்பறையில் இருக்கிறது என்றார்கள். அந்தப் பிள்ளைகள் இப்போது அவள் வீட்டுக்கு வந்து விளையாடுகிறார்கள், இவன் அங்கே போவதில்லை.

எந்த மாநிலம் என்று நீங்கள் எழுதவில்லை. வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைப்பது பற்றிய சட்டம் அங்கே மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. சில மாநிலங்களில் கண்டிப்பானது, சிலவற்றில் அப்படி ஒன்றே இல்லை. ஊர்ப்பெயரைக் கருத்துப்பெட்டியில் எழுதுங்கள். தங்கைக்கு அங்குள்ள தமிழ்ச் சங்கங்களில் பலரைத் தெரியும், அந்தப் பக்கத்துப் பள்ளிகளைப் பற்றிக் கேட்டுச் சொல்கிறேன்.