தாழ்த்திய பழைய பிக்-அப், பெரிய ரிம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பழைய டட்சன், டொயோட்டா பிக்-அப்களைத் தாழ்த்திப் பெரிய ரிம் மாட்டி ஓட்டுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் "மென்மையான ஸ்பிரிங் எது?" என்றே கேட்கின்றன. நான் முதலில் கேட்பது வேறு: பள்ளத்தில் விழும்போது சக்கரம் மேலே ஏற உங்கள் வண்டியில் இன்னும் எத்தனை அங்குல இடம் மிச்சமிருக்கிறது? கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அந்த இடத்தைத் தேடிச் செல்பவையே.

ஐயா, என்னுடையது 1976 டட்சன் 620. முன்பக்கம் டார்ஷன் பாரைத் தளர்த்தித்தான் இறக்கினோம். தளர்த்திய பிறகு மென்மையாக அல்லவா இருக்க வேண்டும்? செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் கட்டை வண்டி போல் இடிக்கிறதே?

டார்ஷன் பார் என்பது முறுக்கப்படும் ஒரு எஃகுத் தண்டு. அதன் விறைப்பைத் தீர்மானிப்பவை தண்டின் தடிமனும் நீளமுமே. அதன் நுனியில் உள்ள போல்ட்டைத் திருகுவதால் வண்டியின் உயரம் மாறுமே தவிர, தண்டு மென்மையாவதும் இல்லை, கடினமாவதும் இல்லை. இரண்டு அங்குலம் இறக்கினால், சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கைக்கும், அது மேலே ஏறும்போது தடுத்து நிறுத்தும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் நடுவே இருந்த இடைவெளி பெரும்பகுதி போய்விடுகிறது. அதன்பின் சிறிய மேட்டிலும் அந்த ரப்பர் இடித்துக்கொள்ளும். உங்கள் முதுகு உணர்வது ஸ்பிரிங்கின் விறைப்பை அல்ல, ரப்பரின் விறைப்பை.

இதை ஊகிக்கத் தேவையில்லை, கண்ணால் பார்த்துவிடலாம். பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிசின் களிமண்ணை ஐம்பது காசு நாணயத்தின் அளவுக்கு உருட்டி ரப்பரின் நுனியில் ஒட்டுங்கள். வழக்கமான பாதையில், வழக்கமான வேகத்தில், வழக்கமான சுமையோடு ஒருமுறை ஓட்டிவிட்டுக் குனிந்து பாருங்கள். களிமண் தட்டையாக நசுங்கியிருந்தால் ரப்பர் இடிக்கிறது என்று பொருள். களிமண் இல்லாவிட்டாலும் பரவாயில்லை: ரப்பர் படும் தகட்டைச் சுற்றிலும் சேறும் துருவும் படிந்திருக்க, நடுவில் மட்டும் வட்டமாகப் பளபளக்கிறதா என்று பாருங்கள், அதுவும் அதே சாட்சிதான்.

முதல் மருந்து செலவில்லாதது: முக்கால் அங்குலம் உயர்த்திவிட்டு மீண்டும் சோதியுங்கள். அடுத்தது, பழைய கட்டை ரப்பரை எடுத்துவிட்டு, நசுங்க நசுங்கப் படிப்படியாக இறுகும் நுரை யூரிதேன் வகையைக் குட்டையான அளவில் பொருத்துவது. ரப்பரையே கழற்றி எறியும் பழக்கம் நம்மிடம் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், இரும்பும் இரும்பும் மோதிக் கை வளையும், சேசிஸ் என்னும் அடிச்சட்டம் விரிசல் விடும். மூன்றாவது வழி தாழ்த்திய ஸ்பிண்டில், அதாவது முன் சக்கரத்தை மாட்டும் அச்சுத் துண்டு. அதில் சக்கரத்தின் மையம் ஸ்பிண்டிலில் மேலே தள்ளி அமைந்திருப்பதால், கைகள் பழைய கோணத்திலேயே நிற்க, வண்டி மட்டும் இறங்கும். சக்கரம் ஏறும் இடம் குறையாது. உங்கள் வண்டிக்கு அது கிடைக்குமானால் மற்ற செலவுகளை ஒத்திவைத்து அதை வாங்குங்கள். உயரத்தை எப்படி மாற்றினாலும் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) செய்யாமல் ஓட்டினால் டயரின் ஒரு விளிம்பு சீக்கிரமே தேய்ந்துவிடும்.

என் பழைய ஹைலக்ஸில் 205/70ஆர்14 டயர் இருந்தது. இப்போது 18 அங்குல ரிம்மில் 215/40 போட்டிருக்கிறேன். காற்றைக் குறைத்தால் மென்மையாகுமா?

ஆகாது, டயரும் ரிம்மும்தான் கெடும். கணக்கைப் பாருங்கள். பழைய டயரின் பக்கச் சுவர் உயரம், அதன் அகலமான 205-இல் 70 விழுக்காடு, அதாவது 143.5 மில்லிமீட்டர். புதியது 215-இல் 40 விழுக்காடு, வெறும் 86. சாலையின் குத்தை முதலில் வாங்கிக்கொள்ளும் பகுதியில் இரண்டு அங்குலத்துக்கும் மேல் இழந்துவிட்டீர்கள். மிச்சமிருக்கும் மெல்லிய சுவரில் காற்றையும் குறைத்தால், தார்ச்சாலைப் பள்ளத்தின் விளிம்பில் டயர் ரிம்மோடு நசுங்கி உள்நூல் அறுந்து பக்கவாட்டில் புடைக்கும். நெடுஞ்சாலை வேகத்தில் சூடேறி வெடிக்கவும் கூடும்.

தோற்றத்தை முழுவதும் விட மனமில்லை என்றால் 16 அங்குல ரிம்மில் 215/55 போடுங்கள். அதன் பக்கச் சுவர் 118 மில்லிமீட்டர். மொத்த விட்டம் 643 மில்லிமீட்டராகப் பழைய டயரோடு ஏறக்குறைய அப்படியே ஒத்துப்போகிறது, ஆகவே வேகமானியும் பொய் சொல்லாது. எந்த அளவை வாங்கினாலும் பக்கச் சுவரில் அச்சிட்ட சுமைக் குறியீட்டு எண் பழைய டயரினுடையதைவிடக் குறையக் கூடாது. பிக்-அப்புக்குக் கார் டயரை மாட்டுகிறவர்கள் பார்க்காமல் விடுவது இதைத்தான்.

காற்றழுத்தத்தைச் சரிபார்க்க, டயரின் அகலம் முழுவதும் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டு, சமதளத்தில் நேராகச் சிறிது தூரம் ஓட்டுங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், இரு ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். எண்ணெய் நிலையத்துப் பம்பு கிலோபாஸ்கலில் காட்டும். 220 என்றால் ஏறக்குறைய 32 பிஎஸ்ஐ.

ரிம்மின் எடையும் முக்கியம். கனத்த சக்கரம் மேட்டில் ஏறினால் இறங்கத் தாமதிக்கும், அந்த உதறல் இருக்கைவரை வரும். வாங்கும் முன், டயரோடு சேர்த்துப் பழைய சக்கரத்தையும் புதியதையும் பழைய இரும்புக் கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள்; கடைக்காரர் சிரித்தாலும் பரவாயில்லை.

பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்கில் இரண்டு பட்டைகளை உருவிவிட்டால் சொகுசு கூடும் என்கிறார்கள். மாதம் ஒருமுறை உர மூட்டைகள் ஏற்றுவோம். செய்யலாமா?

மூட்டை ஏற்றுகிறவர் உருவக் கூடாது. 50 கிலோ மூட்டை பத்து என்றால் அரை டன். மிஞ்சிய பட்டைகள் தலைகீழாக வளைந்து, பின் சக்கரங்களை இணைக்கும் ஆக்சில் நேராகச் சேசிஸில் முட்டும்.

நம் ஊர் வண்டிகளில் பட்டை ஸ்பிரிங் விறைப்பாக இருப்பதற்குப் பெரிய காரணம் எண்ணிக்கையல்ல, துரு. பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கினால்தான் ஸ்பிரிங் வளையும். செம்மண்ணும் மழையும் சேர்ந்து அவற்றை ஒரே இரும்புக் கட்டையாக ஒட்டிவிடுகின்றன. தொகுதியைக் கழற்றிப் பிரித்து, துருவைச் சுரண்டி, பட்டைகளின் நுனிகளுக்கு இடையே நைலான் தகடு வைத்துக் கட்டுங்கள். காய்ந்து வெடித்த புஷ்களையும் (இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையங்கள்), சாய்ந்து முட்டி நிற்கும் ஷேக்கிலையும் (ஸ்பிரிங்கின் நுனியைச் சேசிஸோடு இணைக்கும் அசையும் தகடு) அதே நாளில் பார்த்துவிடுங்கள். ஸ்பிரிங்கை ஆக்சிலோடு கட்டும் யு-போல்ட்டுகளைப் புதிதாகவே போட்டு, சில நாள் ஓடியபின் மீண்டும் முறுக்குங்கள். ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே தாழ்த்தும் கட்டை வைத்திருந்தால் ஒரே கட்டையாக இருக்கட்டும். இரண்டை அடுக்குவது ஆபத்து.

விலை உயர்ந்த கேஸ் அப்சார்பர் மாற்றியபின் முன்பைவிட மோசமாகிவிட்டது. ஏமாற்றப்பட்டேனா?

பெரும்பாலும் பொருளில் குறை இருக்காது, நீளத்தில்தான் இருக்கும். வண்டி சமதளத்தில் நிற்கும்போது, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் அந்த அப்சார்பரின் தண்டு ஏறக்குறைய பாதி உள்ளே, பாதி வெளியே இருக்க வேண்டும். தாழ்த்திய வண்டியில் பழைய உயரத்துக்கான அப்சார்பரை மாட்டினால் தண்டு முக்கால்வாசி உள்ளேயே நிற்கும். அடுத்த பள்ளத்தில் அடிமுட்டி, உள்ளே வால்வு உடையும். மேல் துளையிலிருந்து கீழ்த் துளைவரை அளந்து, முழுவதும் சுருங்கிய நீளத்துக்கும் முழுவதும் நீண்ட நீளத்துக்கும் நடுவில் அந்த அளவு வருமாறு குட்டையான அப்சார்பரைக் கேட்டு வாங்குங்கள்.

சிட்னியில் இருக்கும் என் மைத்துனரின் 1968 ஷெவர்லே சி10-ஐ விடுமுறையில் ஓட்டினேன். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தியிருக்கிறார். குலுங்குவதோடு, பின்பக்க டயர் ஒரு பக்கம் மட்டும் உரசுகிறது. ஏன்?

இரண்டும் ஒரே செயலின் விளைவுகள். காயில் ஸ்பிரிங்கின் விறைப்பு, வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு நேர்மாறானது. எட்டுச் சுற்றில் ஒன்றை வெட்டினால் மீதி ஏறக்குறைய 14 விழுக்காடு கடினமாகிறது. வெட்டிய ஸ்பிரிங் கடினமானது, நகரும் இடமோ குறைந்தது. இறக்கிய உயரத்துக்கென்றே செய்த ஸ்பிரிங்கை அவர் வாங்கட்டும். தீயால் சுட்டு இறக்கியிருந்தால் அந்த ஸ்பிரிங்கை அன்றே தூக்கி எறிய வேண்டும், ஏனெனில் எஃகின் பதம் போய்விட்டது.

உரசலுக்கு வருவோம். அந்த வண்டியில் பின் ஆக்சிலைப் பக்கவாட்டில் நிறுத்துவது, ஒரு முனை சேசிஸிலும் மறுமுனை ஆக்சிலிலும் பூட்டிய பான்ஹார்ட் தண்டு. அதன் முனை வட்டப்பாதையில்தான் நகரும் என்பதால், வண்டி இறங்கும்போது ஆக்சில் ஒரு பக்கம் தள்ளப்படுகிறது. நீளத்தைச் சரிசெய்யக்கூடிய தண்டைப் பொருத்தி, வண்டி நிற்கும் உயரத்தில் ஆக்சிலை நடுவுக்குக் கொண்டுவந்து பூட்டினால் உரசல் நிற்கும்.

பின் ஆக்சில் ஏற இடம் கிடைக்கச் சேசிஸை வளைவாக வெட்டிக் கொடுப்பதாகப் பட்டறையில் சொல்கிறார்கள். காற்றுப் பை போட்டால் வெட்ட வேண்டாமா?

வெட்டும் முறை பலன் தருவதுதான். மிக அதிகமாகத் தாழ்த்திய வண்டிக்கு வேறு வழியும் குறைவு. ஆனால் வெட்டிய இடத்தைச் சுற்றித் தடித்த எஃகுத் தகட்டை வளைத்துப் பற்றவைத்து வலுவூட்டாவிட்டால் அங்கேதான் முதல் விரிசல் விழும். சேசிஸில் கைவைக்கும் முன் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் அனுமதி வேண்டும். வேலை முடிந்தபின் கேட்பது வீண். ஸ்பிரிங்குக்குப் பதிலாக மாட்டும் காற்றுப் பையும் இடத்தை உருவாக்கிவிடாது. காற்றை இறக்கி, சேசிஸ் தரையை ஒட்டியபடி ஓட்டினால் அதுவும் ரப்பரில்தான் உட்காரும்.

எல்லாம் சரிசெய்தும், மணிக்கு 80 கிலோமீட்டரில் வண்டியின் உள்தரை அதிர்கிறது. மெதுவாகப் போனால் இல்லை.

குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வந்தால் முதலில் சக்கரங்களை பேலன்ஸ் செய்து பாருங்கள். அதற்குப் பின்னும் நீடித்தால், குறிப்பாக எண்ணெய் மிதியை அழுத்தும்போதும் விடும்போதும் அதிர்வு மாறினால், கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணத்தைப் பாருங்கள். ஒற்றை ஷாஃப்ட் உள்ள வண்டியில் கியர்பாக்ஸின் வெளித்தண்டும் பின் ஆக்சிலின் மூக்கும் இணையாக இருக்க வேண்டும். தாழ்த்தும் கட்டை சற்றே சாய்ந்திருந்தாலும் அது கெடும். இரண்டின் மீதும் கோணமானி வைத்து அளந்து, வேறுபாட்டுக்குத் தகுந்த எஃகு ஆப்பை ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே செருகினால் போதும். அலுமினிய ஆப்பு நசுங்கி நழுவும், வாங்காதீர்கள்.