பிறையும் வெள்ளிக் கிரகமும் போன் படத்தில ஒரே பொட்டா வருது

போன் பழுதில்லை, வெளிச்சம் கூடிப்போச்சு. கமெராவைத் தானியங்கியா (ஓட்டோவில) விட்டா போன் இருட்டு வானத்தைப் பாத்து வெளிச்சத்தைக் கூட்டிப்போடும், பிறை வெளிறிப் பரவி பக்கத்தில நிக்கிற வெள்ளியையும் விழுங்கிடும்.

நைட் மோட்டை நிப்பாட்டிப்போட்டு, திரையில பிறைக்கு மேல விரலை அமத்திப் பிடிச்சு, குவியமும் வெளிச்சமும் மாறாம லொக் பண்ணுங்கோ, பிறகு பிறையின்ர விளிம்பு கூராத் தெரியுமட்டும் வெளிச்சத்தைக் குறைச்சுப் பாருங்கோ.

இரவு 8 மணிக்கு எடுத்தா அது பிந்திப்போச்சு. பொழுதுபட்டு அரை மணித்தியாலத்தில, வானம் இன்னும் நீலமா இருக்கேக்க எடுத்தாத்தான் வடிவு. யாழ்ப்பாணத்தில பண்ணைக் கடற்கரைப் பக்கம் போனா மேற்கு வெட்டவெளி.

ஆனா பிறையின்ர இருட்டுப் பக்கம் மங்கலாத் தெரியுமெல்லோ, அது இந்தப் படத்தில வராது. நாளைக்குப் பாப்பமெண்டும் விடாதேங்கோ, ஒரு நாளில சந்திரன் வெள்ளியை விட்டு 12 பாகை மட்டில தள்ளிப் போயிடும்.